வாய் திறக்காத ஆங்கிலம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வருகிற வரைக்கும் பஸ் ஜன்னலில் ஆங்கிலம்தான் ஓடுகிறது. மெட்ரிக் பள்ளி வேன்கள், 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' போர்டுகள். காசுள்ளவர்களுக்கு அது கிடைக்கும். இல்லாதவர்களின் பிள்ளைகளுக்கு? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. போர்டு மாட்டுவது சுலபம். தமிழ்வழியிலேயே படித்து வந்த ஆசிரியை அந்த வகுப்பில் எந்த ஆங்கிலத்தைப் பேசுவார்?

அதிகாரம் இதற்கு எப்போதும் கைவசம் வைத்திருக்கும் பதில்: பயிற்சி. 1959இல் அன்றைய சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு தொடங்கிய இயக்கத்தை 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றார்கள். ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி, அவர்கள் அடுத்தவர்களுக்கு, உருள உருளப் பெருக்கும். இலக்கு 27,000 ஆசிரியர்கள். 2020 அக்டோபரில், கொரோனாவை ஒட்டி, மத்திய அரசின் 'நிஷ்டா' பயிற்சி 'தீக்ஷா' இணையதளத்துக்கு மாறியது. 18 பகுதிகள், மொழி கற்பித்தல் அதிலொன்று. உருட்டப் பந்தே தேவையில்லை, நேராகக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது.

இடைத்தட்டுகள் ஒழிந்தன என்று மகிழலாமா? இரண்டிலும் மாறாத ஒன்றிருக்கிறது. அறிவு மேலே உற்பத்தியாகிறது. ஆசிரியர் அதைக் கடத்தும் குழாய். அவரிடம் இருப்பது குறை மட்டுமே என இந்தச் சொல்லாடல் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. பனிப்பந்திலாவது எதிரே ஓர் ஆள் நின்றார். தப்பாகவேனும் பேச, 'புரியலயே' என்று திருப்பிக் கேட்க இடமிருந்தது. வீடியோவிடம் யார் கேட்பது?

திண்டிவனம் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர், தான் முடித்த ஓர் இணையவழிப் பயிற்சியைப் பற்றிச் சொன்னார்: "வீடியோவ ஓடவுட்டுட்டு சோறு வடிப்பேன் சார். கடைசில நாலுல ஒண்ண டிக் பண்ணா சர்டிபிகேட் வந்துடும். மொத்தப் பயிற்சிலயும் நான் ஒரு வார்த்த இங்கிலீஷ்ல பேசல." இதைச் சோம்பேறித்தனம் என்று வாசிப்பது மேட்டிமை வாசிப்பு. பள்ளி வேலை, வீட்டு வேலை இரண்டுக்கும் நடுவே திணிக்கப்பட்ட மூன்றாவது வேலை அது. பேச்சே இல்லாமல் பேச்சைக் கற்பிக்கும் ஏற்பாட்டுக்கு அவர் தந்த மரியாதையும் சரியானதுதான்.

உடனே நம் தமிழ்ப் பற்றாளர்கள், 'ஆங்கிலமே வேண்டாம்' என்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வேனில் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு மேலே பேசலாம். சாதியை உடைக்க ஆங்கிலம் கற்கச் சொன்னவர் சாவித்திரிபாய் பூலே. அந்தத் தொகுப்பு வந்தது 1854இல். தாய்மொழிவழிக் கல்வி வேண்டும் என்பதற்கும், ஆங்கிலத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடு என்பதற்கும் முரண்பாடில்லை.

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது இதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியில்தான். கொரோனாவில் பிள்ளைகளுக்குத் திரை போதவில்லை, எதிரே ஓர் ஆள் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. ஆசிரியர் விஷயத்தில் மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம்?

வீடியோ இருக்கட்டும். ஒன்றிய அளவில் பத்துப் பேர் கூடி, வேலை நேரத்தில், அதைப் பார்க்கட்டும். பாதியில் நிறுத்தி, 'இது என் வகுப்பில் நடக்காது' என்று ஆங்கிலத்திலேயே சண்டை போடட்டும், தப்புத் தப்பாக. ஊதியக் கோரிக்கைகளோடு இதையும் ஆசிரியர் இயக்கங்கள் கேட்டு வாங்க வேண்டும்.