பூதத்தின் பாதத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் கேலாங் சாலையும் மவுண்ட்பேட்டன் சாலையும் கிட்டே வருகிற இடத்தில் முன்பு ஹேப்பி வேர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1930களில் தொடங்கினார்கள், 1960களில் கே வேர்ல்டு என்று பெயரை மாற்றினார்கள், 2000-ஐ ஒட்டி மூடி இடித்தும் விட்டார்கள். அதன் கூரை போட்ட அரங்கில் 1952-ல் தாமஸ் கிண்ணப் பூப்பந்துப் போட்டியே நடந்திருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் ஹேப்பி வேர்ல்டு என்றால் மல்யுத்தம்தான், மல்யுத்தம் என்றால் கிங்காங்தான். அப்பா ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார்: கிங்காங் மேடை ஏறினால் பலகை முனகும், தாராசிங் அவரைத் தூக்கிச் சுற்றினால் கூட்டம் நாற்காலி மேல் ஏறிவிடும்.

தாராசிங் பிழைக்க வந்ததும் மல்யுத்தம் பழகியதும் இதே சிங்கப்பூரில்தான். கிங்காங் என்ற எமில் சாயா 1970-ல் கண்ணை மூடியதும் இங்கேதான். அந்த மோதல்களில் பாதி நாடகம் என்று பெரியவனான பிறகு தெரிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, நல்ல நாடகம் அது. ஒரே குறை, அது நம் கண்ணைக் கெடுத்துவிட்டது. பெரிய உடம்பும் சின்ன உடம்பும் மோதினால் நாம் வயிற்றையும் தோளையும் பார்க்கிறோம். யார் யாரைத் தூக்குவார் என்று காத்திருக்கிறோம். குத்துச்சண்டைக்கு அந்தக் கண் உதவாது.

முதலில், இந்தப் பொருத்தமில்லாத சண்டை ஏன் நடக்கிறது? மற்றப் பிரிவுகளில் எல்லாம் தராசு நியாயம் செய்துவிடும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக ஆடி, 1974 காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வாங்கிய சையது அப்துல் காதிர் லைட் ஃபிளைவெயிட் பிரிவுக்காரர். எதிரில் நிற்பவரும் கிட்டத்தட்ட அவர் எடைதான் இருப்பார். ஹெவிவெயிட்டில் மட்டும் கீழே கோடு உண்டு, மேலே கிடையாது. தொழில்முறைச் சண்டையில் 200 பவுண்டு, அதாவது சுமார் 91 கிலோவைத் தாண்டிவிட்டால் அப்புறம் எதிரே 140 கிலோ வந்து நின்றாலும் சட்டப்படி சரி.

2009 நவம்பரில் நியூரம்பர்க்கில் அப்படித்தான் வந்து நின்றார் ரஷ்யாவின் நிக்கோலாய் வலுயெவ். ஏழடி உயரம், 143 கிலோ. எதிரே இங்கிலாந்தின் டேவிட் ஹே, 100 கிலோகூட இல்லை. பன்னிரண்டு சுற்றும் பார்த்துவிட்டு, காசைத் திருப்பிக் கொடு என்று சொன்ன நண்பர்கள் எனக்கு உண்டு. ஹே ஓடினார், நின்றார், ஒன்று கொடுத்தார், மறுபடி ஓடினார். கடைசிச் சுற்றில் வலுயெவ் தள்ளாடியதைத் தவிர விசிலடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் பாடம் எடுக்க வேண்டுமென்றால் நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தச் சண்டையைத்தான். அழகு இல்லாததால் எலும்புக்கூடு நன்றாகத் தெரிகிறது.

ஒலியை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் பேச்சு கையைப் பற்றித்தான் இருக்கும். இரண்டு பேருக்கும் முழங்காலுக்குக் கீழே மட்டும் பாருங்கள். பூதத்தின் முன்பாதத்துக்கும் சின்னவர் முன்பாதத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் மொத்தச் சண்டையும் நடக்கிறது. நீளக் கைக்காரருக்குக் கை முழுசாக நீளும் இடம் சொர்க்கம். சின்னவருக்குப் பிழைக்க இரண்டே இடம்: அந்தக் கை எட்டாத தூரம், இல்லையென்றால் அவர் நெஞ்சோடு நெஞ்சு. நடுவில் நின்றால் தொலைந்தார். ஆனால் நடுவைக் கடக்காமல் குத்த முடியாது. எவ்வளவு வேகமாகக் கடக்கிறார், எப்போது கடக்கிறார், எந்தப் பக்கமாக வெளியே வருகிறார் என்பதுதான் ரசிக்க வேண்டிய விஷயம்.

சடுகுடு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாடிப் போகிறவர் கையை நீட்டுவதை எல்லாரும் பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர், தொட்ட பிறகு எந்தக் காலை ஊன்றித் திரும்புகிறார் என்று பார்ப்பார். 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ என்ற குத்துச்சண்டைப் படம் வந்தபோது, கொரோனாக் காலம், வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். படத்தின் நாயகனைவிட டான்சிங் ரோஸ் என்ற பாத்திரம் ஏன் அவ்வளவு பேருக்குப் பிடித்தது? அந்தக் கால்தான். தமிழ் ரசிகர்களுக்குப் பாதத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த புண்ணியம் அந்தப் படத்துக்கு உண்டு.

ஹே ‘எட்டாத தூரம்’ என்ற வழியைப் பிடித்தார் என்றால், ‘நெஞ்சோடு நெஞ்சு’ வழிக்கு ஜாக் டெம்ப்சி. 1919 ஜூலை 4, அமெரிக்காவின் டொலிடோ நகரம். ஜெஸ் வில்லர்டு ஆறடி ஆறரை அங்குலம், 111 கிலோ. டெம்ப்சி 85 கிலோ. முதல் சுற்றிலேயே ஏழு தடவை விழுந்தார் வில்லர்டு, மூன்று சுற்று முடிந்ததும் போதும் என்றுவிட்டார். பழைய படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அதைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வில்லர்டு எழ முயல, டெம்ப்சி பக்கத்திலேயே நின்று காத்திருக்கிறார். எதிராளியை வீழ்த்தினால் தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற விதி அன்று இல்லை. பூதம் காலை ஊன்றுவதற்குள் அடுத்த குத்து விழும். ஆக அந்த வெற்றியில் டெம்ப்சியின் பங்கு எவ்வளவு, விதியின் பங்கு எவ்வளவு என்று நான் இன்னும் எனக்குள் வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறேன். 1927-ல் ஜீன் டன்னியை வீழ்த்திவிட்டு, அதற்குள் வந்துவிட்ட அந்த விதிப்படி மூலைக்குப் போகத் தாமதித்ததால் டெம்ப்சியே வாய்ப்பை இழந்தார் என்பது தனிக் கதை.

இரண்டு வழியையும் ஒன்றாகத் தைத்தவர் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். ரியாத்தில் 2024 மே 18 இரவு என்றால் நமக்கு ஞாயிறு விடிகாலை. கேலாங்கில் அந்நேரத்துக்கும் அடுப்பு எரிகிற கடைகளுக்குப் பஞ்சமில்லை. பராட்டாவும் தே தாரிக்கும் சொல்லிவிட்டு, சாஸ் பாட்டிலில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். டைசன் ஃபியூரி 206 சென்டிமீட்டர், 119 கிலோ. உசிக் 191 சென்டிமீட்டர், 101 கிலோ. கை நீளத்தில் ஃபியூரிக்கு ஏழு அங்குலம் கூடுதல்.

உசிக் இடக்கைக்காரர், அதனால் வலது கால் முன்னே இருக்கும். வலக்கைக்காரருக்கு இடது கால் முன்னே. ஆக இருவருடைய முன்பாதங்களும் ஒன்றையொன்று மிதித்துவிடும் அளவுக்கு எதிரெதிரே நிற்கும். அதில் யாருடைய பாதம் வெளிப்பக்கம் போய் ஊன்றுகிறதோ அவருடைய பின்கைக்கு நேர்வழி திறக்கும், எதிராளியின் பின்கைக்குத் தூரம் கூடும். அதற்காக உசிக் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று நகர்ந்துகொண்டே இருப்பார். குத்தில்லாத நேரம் என்று நாம் தே குடிக்கப் போகும் நேரத்தில்தான் அந்த வேலை நடக்கிறது.

நடுச் சுற்றுகளில் பூதம் விழித்துக்கொண்டது. ஃபியூரி வயிற்றில் குத்தினார், கீழிருந்து மேலே அப்பர்கட் போட்டார், உசிக் உள்ளே வரும் வழியிலேயே வாங்கினார். பக்கத்து மேசைப் பெரியவர், “தம்பி, முடிஞ்சுது” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த இடத்தில் கண்ணைப் பாதத்திலிருந்து எடுத்துப் பெரியவரின் வாய்க்குக் கொண்டுபோங்கள் (மேசைப் பெரியவர் இல்லை, மேடைப் பெரியவர்). வாய் திறந்திருக்கிறதா? சும்மா கட்டிப்பிடிக்கிறாரா? பூதங்களுக்குக் கட்டிப்பிடிப்பதும் ஆயுதம்தான். சின்னவர் கழுத்தில் சாய்ந்து முழு எடையையும் அவர் காலில் இறக்கிவிடுவார்கள். நல்ல சின்னவர் அந்தப் பாரத்தைச் சுமக்க மாட்டார், சட்டென்று பக்கவாட்டில் திரும்பி எடை விழ இடமில்லாமல் செய்வார். பெரிய உடம்பை அதன் உடம்பாலேயே நடக்கவிட்டு, திரும்பவிட்டு, குத்தைக் காற்றில் வீசவிட்டுக் களைக்க வைப்பது ஆறு சுற்று முதலீடு. வட்டி பிறகுதான் வரும்.

அன்று ஒன்பதாவது சுற்றில் வந்தது. உசிக்கின் இடது கை இறங்கியதும் ஃபியூரியின் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கயிற்றில் மோதி, மூலையில் மோதி, இன்னொரு கயிற்றுக்குப் போனார். தரையில் விழவில்லை. கயிறு தாங்கியதால்தான் நிற்கிறார் என்று நடுவர் குறுக்கே வந்து எண்ண ஆரம்பித்தார். கடையில் யாரோ மலாயில் ஏதோ கத்தினார்கள், என் பராட்டா ஆறிப்போய்விட்டது. முடிவில் ஒரு நீதிபதி ஃபியூரிக்கு 114-113, மற்ற இருவர் உசிக்குக்கு 115-112, 114-113. நடுவர் எண்ணியதால் ஃபியூரி இழந்த அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் கதை வேறு. டிசம்பரில் ஃபியூரி சுமார் 127 கிலோவுக்கு ஏற்றிக்கொண்டு திரும்ப வந்தார். மூன்று நீதிபதிகளும் உசிக்குக்கே 116-112 போட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சின்னவர் எப்போதும் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டிவிடாதீர்கள். வலுயெவை ஏமாற்றி ஜெயித்த அதே ஹே, அதே ஓட்டத்தோடு 2011 ஜூலையில் ஹாம்பர்க்கில் விளாடிமிர் கிளிச்கோவிடம் போனார், புள்ளியில் தெளிவாகத் தோற்றார். கால் விரல் அடிபட்டிருந்தது என்று பிறகு காட்டினார், ஊரே சிரித்தது. வலுயெவுக்கு உயரம் இருந்தது, கிளிச்கோவுக்கு உயரத்தோடு ஒரு ஜாபும், அதாவது முன்கையை நேராக நீட்டி விடும் குத்தும், இருந்தது. முன்கை ஒழுங்காக நீளும் பூதத்திடம் இடைவெளியைத் திருடுவது வேறு கணக்கு.

அடுத்த முறை பார்க்க உட்காரும்போது ஒரு காகிதமும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள், பத்துக்கு ஒன்பது என்று நீங்களே சுற்றுக்குச் சுற்று புள்ளி போடுங்கள். கையை மட்டும் பார்த்து ஒரு முறை, காலை மட்டும் பார்த்து ஒரு முறை. ரியாத் சண்டைக்கு அப்படிப் போட்ட என் இரண்டு காகிதங்களும் ஒத்துப்போகவில்லை. கையைப் பார்த்ததில் ஃபியூரி ஒரு புள்ளி முன்னால், காலைப் பார்த்ததில் உசிக் மூன்று.