எழில் நிரல்மொழியின் முன்முனையில் ‘ஆனால்’, ‘வரை’: ஒரு மதிப்பீடு

தொகுப்பி, வரிமொழிமாற்றி ஆகிய இரண்டிற்கும் முன்முனை பொதுவானது. மூலநிரலைச் சொற்களாகப் பிரிப்பதும், அச்சொற்களின் தொடரமைப்பை உணர்வதும் அதன் பணிகள். முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆங்கிலக் கட்டுரை வழி அறிமுகப்படுத்திய எழில், பைத்தானில் எழுதப்பட்ட தமிழ் நிரல்மொழி ஆகும். ஆங்கிலச் சிறப்புச்சொற்களைத் தமிழில் பெயர்ப்பதோடு நில்லாமல், தொடரமைப்பையும் தமிழ்ப்படுத்த முனைந்தமையே அதன் தனிச்சிறப்பு.

எழிலில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வருகின்றன. இவ்வமைப்பு பொருத்தமானது. திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் ஒரு வணிகர் “அம்பது கிலோவுக்கு மேலானா விலை குறையும்” என்று கூறுவதாகக் கொள்வோம். அங்கும் நிபந்தனைச்சொல் இறுதியிலேயே நிற்கிறது. தொடரின் தொடக்கத்தில் வரின் ‘ஆனால்’ எதிர்மறை இணைப்புச்சொல்லாகிவிடும். எனினும், சிறப்புச்சொல் பின்னர் வருவதால், வருவது நிபந்தனை என்பதைப் பகுப்பிக்கு முன்னரே உணர்த்த ‘@’ குறி தேவைப்படுகிறது. தமிழ்த் தொடரமைப்பிற்கு முன்முனை செலுத்தும் விலை அது.

இம்முறை முழுமையாகப் பின்பற்றப்படவில்லை. ‘பதிப்பி’, ‘பின்கொடு’ ஆகிய ஏவல்வினைகள் செயப்படுபொருளுக்கு முன்னரே நிற்கின்றன. ‘இல்லைஆனால்’ என்பதில் ஐகாரத்தின்பின் வரவேண்டிய யகர உடம்படுமெய் இல்லை. ‘இல்லையானால்’ என்பதே புணர்ச்சி விதிக்கு இயைந்த வடிவம்.

இவற்றினும் முதன்மையான சிக்கல் ‘வரை’ என்பதில் உள்ளது. நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை மடக்கு இயங்க வேண்டும் என்பது எழிலில் அதன் பொருள். தமிழிலோ, ‘மூட்டை இருக்கும் வரை இறக்கு’ என்பதில் நிபந்தனை உண்மையாக உள்ளளவும் செயல் தொடர்கிறது; ‘மூட்டை தீரும் வரை இறக்கு’ என்பதில் நிபந்தனை உண்மையானதும் செயல் நிற்கிறது. இவ்வேறுபாட்டைத் தருவது ‘வரை’ அன்று. அதற்கு முன்னுள்ள பெயரெச்சமே. எழில் அப்பெயரெச்சத்தை விலக்கிக் குறியீட்டுக் கோவையை மட்டும் ஏற்கிறது. எனவே, ‘மூட்டை சுழி ஆகும் வரை’ எனக் கருதும் மாணவர் @(மூட்டை == 0) வரை என எழுதினால், 50 மூட்டைகள் இருப்பினும் மடக்கு ஒருமுறைகூட இயங்காது. தொடரமைப்பில் பிழையின்மையால் முன்முனையும் அதனைச் சுட்டாது.

ஆகவே, தமிழ் நிரல்மொழியின் ஆவணம் சிறப்புச்சொற்களின் பட்டியலாக அமைவது போதாது. ஒவ்வொரு சொல்லும் ஏற்கும் இலக்கணச் சூழலையும், விலக்கும் சூழலையும் அது விளக்க வேண்டும். ‘உள்ளவரை’ என்னும் ஒரு சொல்லே மேற்கண்ட மயக்கத்தைப் பெரிதும் நீக்கும். தொடரமைப்பைத் தமிழ்ப்படுத்தலாம் என எழில் நிறுவியுள்ளது. பொருண்மையையும் அவ்வாறே வரையறுப்பது இலக்கண அறிஞரும் கணினி அறிஞரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.