ஒன்பது வினாடி நின்றவர்

மாவனல்லையில், கொழும்பு–கண்டி வீதியோரம் ஒரு சிறு புத்தகக் கடை. அதற்கு ஒரு தேடல் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தின் பெயரைத் தட்டினால் இருக்கிறதா, விலை எவ்வளவு என்று சொல்லும், அவ்வளவுதான். பக்கத்தைவிட, அங்கே வந்து போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சேர்வர் தன் பதிவேட்டில், அதாவது லொக்கில், எழுதி வைக்கிற ஒற்றை வரியின் மீதுதான் எனக்குப் பிரியம் அதிகம். காலையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து அதைத்தான் வாசிப்பேன். ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் இறக்கி வைக்கிறேன்:

192.0.2.17 - - [12/ஜூன்/2024:06:41:09 +0530] "கெட் /தேடு?சொல்=மாவனல்லை" 499 0 9.412

முதலில் நிற்பது கேட்டவரின் இணைய முகவரி. இங்கே நான் போட்டிருப்பது உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண். கடைக்கு வந்தவருடையதை வெளியே காட்ட எனக்கு உரிமை இல்லை.

அடுத்து இரண்டு சிறு கோடுகள். முதல் கோடு நிற்கும் இடம், வந்தவரின் பெயரை அவருடைய கணினியிடமே கேட்டு எழுதுவதற்காக 1990களில் விட்ட இடம். அந்த வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. நான் வைத்திருக்கிற என்ஜினெக்ஸ் என்ற சேர்வர் மென்பொருள் அப்படிக் கேட்பதே இல்லை; ஆனாலும் பழைய வரிசை குலையாமல் ஒரு கோட்டை இழுத்துவிட்டு நகர்கிறது. தெரியாத இடத்தில் எதையாவது இட்டு நிரப்பாத அந்தக் கோட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதன் பிறகு நேரம். அதன் வாலில் தொங்குகிற +0530 என்ற ஐந்து குறிகளில்தான் எத்தனை அடக்கம்! சேர்வர் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்தது. அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது; லொக்கை மட்டும் நம் நேரத்தில் எழுத வைத்திருக்கிறேன். வாலில்லாமல் 01:11 என்று மட்டும் எழுதியிருந்தால், நடுச்சாமத்தில் யார் புத்தகம் தேடினார்கள் என்று வியந்திருப்பேன். வால் இருப்பதால், அது விடிந்து வெயில் ஏறாத வேளை, யாரோ பஸ்ஸுக்கு நின்றபடி ஃபோனில் தட்டியிருக்கலாம் என்று படுகிறது. இந்த நாட்டில் அந்த வாலுக்கு ஒரு வரலாறும் உண்டு. மின்சாரத் தட்டுப்பாட்டில் 1996 மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், +0630 ஆயிற்று. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி பின்னே வந்து +0600. ஏறத்தாழ பத்து வருடம் கழித்து, 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய +0530க்குத் திரும்பினோம். அந்தக் காலத்தில் ஒரு நேரத்தைச் சொன்னால் ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இடமே வைக்காமல் எழுதுவதுதான் இந்த வால்.

இப்போது சொல்லுக்கு வருவோம். நான் ‘மாவனல்லை’ என்று அழகாக எழுதிவிட்டேன். உண்மையான லொக்கில் அப்படி இராது. நமது ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். மாவனல்லையில் காலும் புள்ளியும் ஐகாரக் குறியும் சேர்த்து எட்டுக் குறிகள். ஆக 72 எழுத்து நீளத்துக்கு ஓடு வேய்ந்த கூரை மாதிரி விழுக்காட்டுக் குறிகளாகவே கிடக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. வாசிக்க வாசிக்க அதிலும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. தமிழ்க் குறி எல்லாம் ‘ஈ-சைபர்’ என்று தொடங்கும். அடுத்த இணையில் ‘ஏ-ஈ’ வந்தால் பெரும்பாலும் மெய்யோ உயிரோ. ‘ஏ-எஃப்’ வந்தால் புள்ளியாகவோ ஐகாரம், உகரம் போன்ற ஒட்டுக்குறியாகவோ இருக்கும். சிங்களம் என்றால் அதே இடத்தில் ‘பி-6’ அல்லது ‘பி-7’. இரண்டு மொழியும் ஒரே கடை வாசலில் நிற்கிற ஊர் இது. சொல்லைப் பிரித்து வாசிக்காமலே, வந்தவர் எந்த மொழியில் கேட்டார் என்று அந்த இரண்டு எழுத்து எனக்குச் சொல்லிவிடும்.

இங்கே ஒரு கவனம் வேண்டும். பக்கத்தின் முகவரியோடு ஒட்டி வருவதெல்லாம் லொக்கில் விழும். கடையின் வாசகர் அங்கத்துவப் படிவத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கிறோம். அதை, அப்படி முகவரியோடு ஒட்டிக் கொண்டுபோகும் ‘கெட்’ வழியில் அனுப்பினால் அந்த இலக்கம் அப்படியே பதிவாகும். நமது இலக்கமோ வெறும் இலக்கமா? பிறந்த வருடம், வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அந்த நாளோடு கூட்டிய 500, எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆகவே படிவத்தை ‘போஸ்ட்’ வழிக்கு மாற்றினேன். அதன் உள்ளடக்கத்தை லொக் தொடுவதில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வராவிட்டாலும் இதைச் செய்துதான் இருப்பேன்.

மேற்கோளுக்குப் பின் நிற்பது, கேட்டது என்ன ஆயிற்று என்று சொல்லும் எண். 200, 404, 500 எல்லாரும் அறிந்தவை. 499 அப்படியல்ல. எந்தப் பொது விதியிலும் இல்லாத, என்ஜினெக்ஸ் தானாக வைத்துக்கொண்ட எண்: பதில் தயாராகும் முன்பே கேட்டவர் போய்விட்டார். எங்கள் அப்பா இறப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வருகை பதியும் செக்ரோலில் முழு நாள் நின்றவருக்கு முழுப்பேர் உண்டு, அரை நாளோடு போனவருக்கு அரைப்பேர் உண்டு. வந்து, நின்று, பாதியில் போனவரை வராதவரோடு சேர்த்துவிடாத அந்த அரைப்பேரின் நியாயத்தை 499இல் பார்க்கிறேன்.

அடுத்து நிற்கும் சைபரைத் தாண்டினால் 9.412. வழமையான அமைப்பில் இது கிடையாது. எத்தனை வினாடி பிடித்தது என்று நானே சேர்த்த களம். 499ஓடு சேர்ந்து வரும்போது அதன் பொருள் கனத்துவிடுகிறது: ஒருவர் தன் ஊரின் பெயரைத் தட்டிவிட்டு ஒன்பது வினாடிக்கு மேல் காத்து நின்றிருக்கிறார். குற்றம் என்னுடையது. ஒவ்வொரு தேடலுக்கும் முழு அட்டவணையையும் முதலிலிருந்து கடைசிவரை துழாவும்படி எழுதியிருந்தேன். தேடுசொற்களுக்கு ஒரு சுட்டி கட்டிய பிறகு அதே சொல்லை நானே தட்டினேன். 200, 0.064.

200 வந்தது, புத்தகம் வரவில்லை. பக்கம் ஒழுங்காகத் திறந்து ‘எதுவும் இல்லை’ என்று ஒழுங்காகச் சொன்னது. சேர்வருக்கு அதுவும் வெற்றிதான். அன்றைக்கே வரியின் கடைசியில் இன்னொரு களம் சேர்த்தேன்: எத்தனை புத்தகம் கிடைத்தது. வாரக் கடைசியில் அந்தக் களத்தில் சைபர் விழுந்த சொற்களை மட்டும் தொகுத்து, முகவரியும் நேரமும் நீக்கி, ஒரு தாளில் எடுத்துப் போய்க் கடைக்கார நானாவிடம் கொடுத்தேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். “தம்பி, இந்தச் சைபரெல்லாம் ஆக்கள் வந்து கேட்டு, நாங்க இல்லண்டு சொன்னதா?”

“ஓம் நானா.”

கல்லாவுக்குக் கீழே இருந்து ஓடர் கொப்பியை எடுத்தார். பேனையின் மூடியைக் கழற்றி, முதல் சொல்லிலிருந்து எழுதத் தொடங்கினார்.