முந்நூறு பிரதிகள்

வெள்ளை அட்டை உறை. நடுவில் வட்டமாக ஒரு துளை. துளை வழியே தெரியும் தாளில் ரப்பர் முத்திரை குத்திய ஓர் எண் இருக்கும். சில வேளை அதுவும் இருக்காது. இசைத்தவர் பெயரோ பாட்டின் பெயரோ கிடையாது. 12 அங்குலத் தட்டை உறையிலிருந்து உருவி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் விவரம் தெரியும். ஒலி கனத்து வரும் இடங்களில் பள்ளங்கள் அகன்று வெளிறியிருக்கும். தாளம் அடங்கி நாதம் மட்டும் ஓடும் இடம் கறுத்து வழுவழுப்பாக இருக்கும். ஊசியை எங்கே இறக்குவது என்பதை டிஜேக்கள் இதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அண்டர்கிரவுண்ட் எலக்ட்ரானிக் நடன இசையில் புதிதாக வரும் தட்டுகள் பல இன்றும் இந்தத் தோற்றத்தோடுதான் கடைக்கு வருகின்றன.

வினைல் மீண்டுவிட்டது என்ற செய்தி எல்லோரும் படித்ததுதான். 2022இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் ஆல்பங்களும் 3.3 கோடி சிடிக்களும் விற்றன. 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அதுவே முதல் முறை. அந்தக் கணக்கை வைத்து இந்தத் துறையை அளக்க முடியாது. அங்கே கொத்துக் கொத்தாக விற்றவை டெய்லர் ஸ்விஃப்ட் போன்றோரின் ஆல்பங்கள். இங்கே ஒரு வெளியீடு என்றால் 300 பிரதி, கொஞ்சம் துணிந்தால் 500. ஆயிரம் போனால் பெரிய வெற்றி. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்: போட்ட காசு திரும்பினால் அடுத்த இதழ். வினைல் மறுமலர்ச்சி இந்தச் சிறிய உலகத்தைத் தூக்கி நிறுத்தியதாகப் பலர் எழுதுகிறார்கள். அது சில ஆண்டுகள் இதன் கழுத்தை நெரித்தது என்பதே உண்மை. இந்த உலகம் பிழைத்துக் கிடப்பது வேறு பலத்தில். தட்டு என்ற பொருளின் வரம்புகள் இந்த இசையைச் செதுக்கியிருக்கின்றன. 'இதை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்' என்று சொந்தப் பணத்தைக் கட்டிச் சொல்லும் ஆட்களும் இங்கே எப்போதும் இருந்துவந்திருக்கிறார்கள்.

வரம்பு என்று சொன்னதை விளக்க வேண்டும். 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்ற மிக்ஸிங் கலைஞர் ஒரு பாட்டைச் சோதனைத் தட்டில் வெட்டிக்கொள்ளப் போனார். வழக்கமான 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்திருந்ததால் பொறியாளர் ஹோசே ரோட்ரிகஸ் பெரிய தட்டு ஒன்றை எடுத்தார். அவ்வளவு இடம் இருக்கப் பாட்டு ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடப்பானேன் என்று பள்ளங்களை விரித்து வெட்டச் சொன்னார் மோல்டன். ஒலி எகிறியது. 1976இல் வால்டர் கிப்பன்ஸ் நீட்டித்துக் கொடுத்த 'டென் பர்சென்ட்' பாட்டை சால்சோல் நிறுவனம் 12 அங்குலத்தில் கடைக்கு அனுப்பியது. பொதுமக்கள் விலை கொடுத்து வாங்கக் கிடைத்த முதல் 12 அங்குல சிங்கிள் அதுதான் என்பார்கள்.

ஸ்வரம் தாழத் தாழ ஊசி பக்கவாட்டில் அதிகம் ஆட வேண்டும். ஆடுவதற்குப் பள்ளத்தில் இடம் வேண்டும். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில், ஒரு பக்கத்துக்குச் சுமார் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டால்தான் பாஸ் முழு வலுவோடு நிற்கும். பாஸ் இடம் வலம் என்று பிரிந்து கிடந்தால் ஊசி துள்ளும் என்பதால் அதை நடுவில் ஒன்றாகக் குவிப்பார்கள். மையத்தை நெருங்க நெருங்க உச்ச ஒலிகள் சிதையும். நெஞ்சில் வந்து மோதும் அந்த அடி நடுவில் திரண்டிருப்பதில் பாஸை இப்படிக் குவிப்பதற்குப் பங்கு உண்டு. பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் நீண்டு ஓடுவது டிஜே இரண்டு தட்டுகளைக் கோப்பதற்காக.

இதை அடி ஆழம் வரை புரிந்துகொண்ட ஊர் டெட்ராய்ட். ஹுவான் அட்கின்ஸ் 1985இல் மெட்ரோபிளெக்ஸ் லேபிளைத் தொடங்கினார். டெரிக் மேயின் டிரான்ஸ்மேட்டும் கெவின் சாண்டர்சனின் கேஎம்எஸ்ஸும் அடுத்தடுத்து வந்தன. பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத கறுப்பின இளைஞர்கள், லேபிளும் நமதே, விநியோகமும் நமதே என்று இறங்கினார்கள். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழு, முகத்தை மறைத்துக்கொண்டு தட்டை மட்டும் முன்னே அனுப்பியது. அவர்கள் ஊரிலேயே 1965 முதல் ஒரு குடும்பம் நடத்திவரும் ஆர்ச்சர் என்ற தட்டு ஆலை இருந்தது. தட்டு வெட்ட ரான் மர்ஃபி இருந்தார்.

மர்ஃபியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன் என்ற பெயரில் அவர் நடத்திய வெட்டுக்கூடத்தின் வழியேதான் டெட்ராய்ட் டெக்னோ என்று பெயர் பெற்ற இந்த இசையின் பெரும்பகுதி வெளியே போனது. பாட்டு முடிந்து நடுத்தாளுக்கு முன் மிஞ்சும் வெற்று வளையத்தில் 'என்எஸ்சி' என்று அவர் கீறிய எழுத்துகளைப் பழைய தட்டுகளில் இன்றும் பார்க்கலாம். ஜெஃப் மில்ஸின் 'சைக்கிள் 30' (1994) அவர் வெட்டியது. அதன் ஒரு பக்கத்தில் பள்ளம் சுருளாக உள்நோக்கிப் போகாது. தனித்தனி வளையங்களாக மூடிக்கொள்ளும். கணக்கு அழகானது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அந்த 1.8 நொடிக்குள் நான்கு அடி பொருந்தினால் நிமிடத்துக்கு 133 அடிகளுக்குச் சற்று மேல் வரும். டெக்னோவுக்கு அது இயல்பான வேகம். வளையம் சரியாக மூடினால் ஊசி அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். டிஜே கையால் எடுக்கும்வரை தாளம் ஓயாது. ஒரு மயிரிழை பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் இடறும். மில்ஸும் பேங்க்ஸும் ராபர்ட் ஹுடும் எக்ஸ்-102 என்ற பெயரில் 1992இல் செய்த சனிக்கோள் ஆல்பத்தில், பாட்டுகளின் பட்டைகள் சனியின் வளையங்களைப் போலவே அமைந்திருக்கும். இந்த இசையைக் கணினிக் கோப்பாக மாற்றலாம். இந்த யோசனையை மாற்ற முடியாது. மர்ஃபி 2008இல் காலமானார். இசைக்கலைஞர்களுக்கு இணையாக அவர் பெயரும் வரலாற்றில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சிகாகோவின் கதை இவ்வளவு நேர்த்தியானதல்ல. டிராக்ஸ் லேபிளின் உரிமையாளர் கையிலேயே ஆலையும் இருந்தது. ஃபியூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' (1987) போன்ற அடித்தளத் தட்டுகள் அங்கிருந்துதான் வந்தன. பழைய தட்டுகளை அரைத்துக் கலந்து வார்த்ததால் புத்தம்புதுப் பிரதியிலேயே கரகரப்பு கேட்கும் என்பது சேகரிப்போர் எல்லோரும் அறிந்த விஷயம். கலைஞர்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்ற புகார் அதைவிடப் பெரிது. அங்கே தட்டுகள் வெளியிட்ட லாரி ஹெர்டும் ராபர்ட் ஓவன்ஸும் 2020இல் வழக்குப் போட்டு, 2022இல்தான் தங்கள் பாட்டுகளின் உரிமையை மீட்டார்கள். சிறிய லேபிள் என்றாலே நேர்மையானது என்று நினைத்துவிடக் கூடாது.

பெர்லினில் சுவர் இடிந்த 1989இல் மார்க் எர்னெஸ்டஸ் ஹார்ட் வாக்ஸ் என்ற தட்டுக் கடையைத் திறந்தார். 1993இல் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டோடு சேர்ந்து பேசிக் சேனல் லேபிள். பிறகு டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் என்ற வெட்டுக்கூடம். இசையைச் செய்வது, வெட்டுவது, விற்பது மூன்றும் ஒரே வட்டத்துக்குள் வந்தன. கடையில் ஒவ்வொரு புதுத் தட்டுக்கும் ஒற்றை வரியில் குறிப்பு எழுதுவார்கள். உலகெங்கும் டிஜேக்கள் அந்த வரியை நம்பி வாங்கினார்கள். இந்தத் துறையில் விமரிசகனின் வேலையைப் பெரும்பாலும் கடைக்காரரே செய்திருக்கிறார். ரோட்டர்டாமின் குளோன், ஆம்ஸ்டர்டாமின் ரஷ் ஹவர், கிளாஸ்கோவின் ரபடப் எல்லாம் அதே வழியில் வந்த கடைகள்.

300 பிரதிக்கு என்ன செலவு என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு பூசிய தட்டில் முதலில் இசையை வெட்டுகிறார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி, அச்சு எடுக்கிறார்கள். பிறகு சோதனைப் பிரதிகள் சில வரும். லேபிள்காரர் அவற்றைக் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே ஆலை ஓடும். பிசின் உருண்டையை அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தும் கடைசி வேலை அரை நிமிடச் சமாச்சாரம். ஆனால் வெட்டும் கூலியும் அச்சுக்கூலியும் 300க்கும் ஆயிரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. சிறியவருக்கு ஒரு பிரதியின் அடக்கவிலை எகிறுவது இதனால்தான்.

அரக்குத் தட்டு செய்யும் பெரிய ஆலைகள் உலகத்தில் இரண்டே இருந்தன. அவற்றில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. மிஞ்சியது ஜப்பானில் இருந்த ஒன்று. அதன் மேல் கொரோனா. 2021இல் அடெலின் புது ஆல்பத்துக்கு 5 லட்சம் வினைல் பிரதிகள் என்று செய்தி வந்தபோது, 300 பிரதிக்காரர்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நடன இசையில் ஆறேழு மாதம் நீண்ட காலம். இந்தக் கோடையின் தட்டு அடுத்த குளிர்காலத்தில் கைக்கு வந்தால் அதன் சூடு ஆறியிருக்கும். சில லேபிள்கள் அப்போது தட்டை விட்டு விலகியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனுக்கு வேறொரு மரபு உண்டு. ஜமைக்கா சவுண்ட் சிஸ்டத்திலிருந்து வந்த டப்பிளேட், அதாவது வெளியிடும் முன் ஒரே ஒரு பிரதி வெட்டி அரங்கில் போட்டுப் பார்ப்பது. டப்ஸ்டெப் தலைமுறையே லண்டனின் டிரான்சிஷன் கூடத்தில் வெட்டிய டப்பிளேட்டுகளில் வளர்ந்தது. அவை மெல்ல மெல்லத் தேய்ந்து அழியும். பெயரில்லாத வெள்ளைத்தாள் தட்டும் அந்த ஊரின் பழக்கம். நமக்கு நெருக்கமான ஒரு சாட்சி உண்டு. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்து லண்டனில் வாழ்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் செய்த 'கலாங்', 2003இல் ஷோபிஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு லேபிளில் 500 வினைல் பிரதிகளாகத்தான் முதலில் வந்தது. டிஜேக்கள் கைமாற்றிக் கைமாற்றிப் போட்ட பிறகே பெரிய நிறுவனம் அவரைத் தேடி வந்தது.

பிரிஸ்டலின் லிவிட்டி சவுண்ட், 2007 முதல் ஓடும் ஹெசல் ஆடியோ இரண்டும் இன்று அந்த மரபின் நல்ல வாரிசுகள். ஆனால் இப்போது கேட்பதற்கு ஒரே ஒரு லேபிளைச் சொல் என்று யாராவது கேட்டால் நான் லிஸ்பனின் பிரின்சிபே டிஸ்கோஸைத்தான் சொல்வேன். அங்கோலா, கேப் வெர்டி, சாவோ தோமே போன்ற பழைய காலனி நாடுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் லிஸ்பன் புறநகர்க் குடியிருப்புகளில், படுக்கையறைக் கணினிகளில் செய்த இசை அது. குடுரோவிலிருந்தும் தாரஷின்யாவிலிருந்தும் கிளைத்து, பட்டீடா என்று பெயர் பெற்றது. டிஜே மார்ஃபாக்ஸின் தட்டோடு 2011இல் லேபிள் தொடங்கியது. பிறகு டிஜே நிகா ஃபாக்ஸ், நிடியா என்று வரிசையாக வந்தார்கள். மேலே ஓடும் தாளம் எங்கோ இழுக்க, அடி வேறெங்கோ விழும். கால் தானாக வழி கண்டுபிடிக்கும். உறைகளை மார்சியோ மாத்தோஸ் கையால் தீட்டுவார். ஒரே வெளியீட்டின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்தால் வண்ணப்பூச்சு ஓடிய இடம் ஒன்றுபோல் இராது. நகரத்தின் நடுவே இருந்த கிளப்புகள் கதவு திறக்காத பிள்ளைகளின் இசையை இவ்வளவு கவனத்தோடு தொட்டு வெளியிட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

மியூனிக்கின் இலியன் டேப், ஜென்கர் சகோதரர்கள் நடத்துவது. அதில் ஸ்கீ மாஸ்க் வெளியிட்ட 'கொம்ப்ரோ' (2018) உடைந்த தாளத்தையும் பனிமூட்டமான நாதத்தையும் இணைத்த அரிய ஆல்பம். 2021இல் ஸ்பாட்டிஃபையின் தலைவர் போர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணம் போட்டார் என்பதற்காக, அங்கிருந்து தன் இலியன் டேப் இசையை ஸ்கீ மாஸ்க் விலக்கிக்கொண்டார். தட்டும், பேண்ட்கேம்ப் என்ற இணைய இசைக்கடையும் இருந்ததால் அவரால் அது முடிந்தது.

கடைசியாக ஒரு சச்சரவு. ஃபிராங்ஃபர்ட்டில் 1997இல் பிறந்த பெர்லான், டிஜிட்டல் கோப்புகளை விற்பதில்லை. ருமேனியாவில் ராடூ, பெட்ரே இன்ஸ்பிரெஸ்கு, ராரெஷ் மூவரும் 2007இல் தொடங்கிய அர்பியார் லேபிளைச் சுற்றியும் அதே பிடிவாதம் வளர்ந்தது. கேட்பதற்கு ஒரு முயற்சி வேண்டும், டிஜேயின் பை அவருக்கே உரியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 300 பிரதி ஒரே நாளில் தீர்ந்து, அடுத்த வாரம் டிஸ்காக்ஸ் என்ற இணையச் சந்தையில் பல மடங்கு விலைக்கு வருவதில் இசைக்கு எந்த லாபமும் இல்லை. செய்தவர் கைக்கு ஒரு காசும் போவதில்லை. பம்பாயில் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் 303, 808 கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு வாசித்த தட்டை அன்று யாரும் சீந்தவில்லை. 2010இல் பம்பாய் கனெக்‌ஷன் என்ற லேபிள் மறுபதிப்பு செய்த பிறகே உலகம் கேட்டது. முதுமையில் அவர் வெளிநாட்டு மேடைகளில் அதை வாசித்தார். அபூர்வப் பொருளாகச் சேகரிப்போர் அலமாரியிலேயே தங்கியிருந்தால் அது நடந்திருக்காது.

பேசிக் சேனல் இதில் கடைப்பிடிப்பதே எனக்குச் சரி என்று தோன்றுகிறது. 1993, 94இன் தட்டுகளைத் தேவைப்படும்போதெல்லாம் மீண்டும் அடித்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். எண்ணிட்ட சிறப்புப் பதிப்பும் வண்ண வினைலும் இல்லாமல், அதே கறுப்புத் தட்டு புதுத் தட்டின் விலைக்கு வருகிறது. இந்த ஆண்டு தன் முதல் டர்ன்டேபிளை வாங்கிய இருபது வயதுப் பெண்ணும் அதை வாங்கலாம்.