ப்ளூவின் சுவரோவியங்கள்: வரைதலும் அழித்தலும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்பது பழமொழி. உடல்நலத்தைப் பேணச் சொல்லும் இம்மொழி, தெரு ஓவியத்திற்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. தெருவில் வரையப்பட்ட ஓவியத்தைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்சிக்கூடத்தில் வைத்தால் அது அதே ஓவியம்தானா? இக்கேள்வியைத் தம் படைப்புகளாலும், அவற்றை அழித்ததாலும் எழுப்பியவர் ப்ளூ என்னும் புனைபெயர் கொண்ட இத்தாலிய ஓவியர்.

ஓவியரும் முறையும்

ப்ளூ தம் இயற்பெயரையும் முகத்தையும் வெளிக்காட்டுவதில்லை. 1990களின் இறுதியில் பொலோஞா நகரில் வரையத் தொடங்கினார். நீண்ட கழிகளில் உருளைத் தூரிகையைப் பொருத்தி, பல மாடிக் கட்டடங்களின் பக்கச் சுவர்கள் முழுவதையும் நிறைப்பது அவர் வழக்கம். பணவெறி, போர், நகரத்தை விழுங்கும் நிலவணிகம் ஆகியவை அவர் திரும்பத் திரும்பத் தொடும் பொருள்கள்.

2008இல் வெளியான 'மூட்டோ' என்னும் அசைவூட்டப் படம் அவரைப் பரவலாக அறியச் செய்தது. சுவரில் ஓர் உருவத்தை வரைந்து, படம்பிடித்து, வெள்ளையடித்து, அடுத்த அசைவை வரைவது என்ற முறையில் அது உருவானது. பழைய உருவங்களின் தடம் சுவரில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அழித்தல் இவர் கலையில் வரைதலின் மறுபாதி என்பதை இப்படத்திலேயே காணலாம்.

மூன்று அழிப்புகள்

முதலாவது, லாஸ் ஏஞ்சலிஸ். 2010 டிசம்பரில் அந்நகரின் தற்காலக் கலை அருங்காட்சியகம் ப்ளூவை அழைத்துத் தன் வெளிச்சுவரில் வரையச் செய்தது. டாலர் நோட்டுகள் போர்த்திய சவப்பெட்டிகளின் வரிசையை அவர் வரைந்தார். அருகில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையும், ஜப்பானிய அமெரிக்கப் போர்வீரர்களின் நினைவுச்சின்னமும் உள்ளன. சுற்றுப்புறத்தார் மனம் புண்படும் என்று கூறி, இயக்குநர் ஜெஃப்ரி டைச் அதன்மேல் வெள்ளையடிக்கச் செய்தார். அடுத்த ஆண்டே அதே அருங்காட்சியகம் தெருக் கலைக்கெனப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது.

இரண்டாவது, பெர்லின். க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியின் குவ்ரி தெருவில், காலி மனையை ஒட்டி 2007, 2008 ஆண்டுகளில் வரையப்பட்ட இரு ஓவியங்கள் நகரின் அடையாளமாகவே ஆகியிருந்தன. அவற்றுள் ஒன்றில், தலை தெரியாத மனிதர் ஒருவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்கிறார். அவர் கைகளின் இரு தங்கக் கடிகாரங்களும் சங்கிலியால் பிணைந்து விலங்காகத் தெரியும். மனையில் குடிசை போட்டிருந்தவர்கள் 2014இல் வெளியேற்றப்பட்டனர். அங்கே புதிய கட்டடங்கள் எழவிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் ப்ளூவின் இசைவுடன் இரு ஓவியங்கள்மீதும் கறுப்பு வண்ணம் பூசப்பட்டது.

மூன்றாவது, பொலோஞா. 2016 மார்ச்சில் அந்நகரின் பெப்போலி மாளிகையில் தெருக் கலைக் கண்காட்சி ஒன்று தொடங்கவிருந்தது. கைவிடப்பட்ட கட்டடங்களின் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த ப்ளூவின் ஓவியங்களும் அதில் இடம்பெற்றன; அவரது அனுமதி பெறப்படவில்லை. கண்காட்சி தொடங்கும் முன்னரே, பொலோஞாவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வரைந்தவற்றில் எஞ்சியிருந்தவற்றை ப்ளூ சாம்பல் வண்ணம் பூசி மறைத்தார். நகரின் சமூக மையங்களைச் சேர்ந்தவர்கள் அவருக்கு உதவினர்.

மதிப்பீடு

கண்காட்சி நடத்தியோர் சொன்ன காரணத்தைப் புறந்தள்ள முடியாது. இடிக்கப்படும் சுவரோடு ஓவியமும் போய்விடும். பெயர்த்து வைத்தால் வருங்காலத்தார் காண்பர். தேவாலயச் சுவரோவியங்கள் பலவும் இவ்வாறே காப்பாற்றப்பட்டன. ஆனால் அவற்றை வரைந்தவர்களைக் கேட்க வழியில்லை. ப்ளூவோ உயிருடன் இருக்கிறார், அதே நகரில் அறியப்பட்டவர். கேட்காமல் எடுத்ததைக் காத்தல் என்று சொல்வது பொருந்தாது.

மேலும், பெயர்க்கும்போது வண்ணப்படலம் மட்டுமே வருகிறது. அண்ணாந்து பார்க்க வைத்த உயரமும், எதிரே இருந்த வெற்றுமனையும் வருவதில்லை. வழிப்போக்கர் காசில்லாமல் கண்டதற்கு நுழைவுச்சீட்டு வந்துசேர்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் சுவரே இதற்குச் சான்று. அச்சவப்பெட்டிகள் வேறிடத்தில் இருந்திருந்தால் அந்த அளவு அச்சம் எழுந்திராது. இடம்தான் ஓவியத்திற்குப் பொருள் தருகிறது என்பதை அருங்காட்சியகமே வெள்ளையடித்து ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆயினும் ப்ளூவின் அழிப்புகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. பெர்லின் அழிப்பு தெளிவானது. ஏழைகளை அகற்றிய மனையில் எழும் வீடுகளுக்கு, நிலவணிகத்தைச் சாடும் ஓவியமே அழகிய காட்சியாகி விலையை உயர்த்தியிருக்கும். அங்கே கறுப்புப் பூச்சு ஓவியத்தின் பொருளைக் காத்தது. பொலோஞாவில் இழப்பு வேறு. தவறு செய்தவர் கண்காட்சி நடத்தியோர். சாம்பல் சுவரைத் தினமும் பார்க்க வேண்டியவர்களோ அத்தெருக்களில் நடப்போர். ஓவியம் தெருவுக்கு உரியது என்பது உண்மையானால், அத்தெருவாருக்கும் அதில் பங்குண்டு. தன் சுவரில் எழுதியதை அழிக்கத் துணைநின்ற சமூக மையத்தார் சம்மதித்தனர் எனலாம். மற்றச் சுவர்களின் எதிரே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தது அருங்காட்சியகத்தின் குற்றமென்றால், கேட்காமல் அழித்ததும் சிறு குறையேனும் ஆகும்.

எனவே தெரு ஓவியத்தைக் காட்சிக்கூடத்தில் காண நேர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. வரைந்தவர் இசைந்தாரா? சுவர் எங்கே இருந்தது? அதன் எதிரே வாழ்ந்தவர்கள் இன்று எங்கே? மூன்றுக்கும் விடை கிடைக்கும் ஓவியத்தையே முழுமையாகப் பார்த்தோம் எனலாம்.