மூடிய கதவை வாசித்தல்

உடலைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். ஒழுங்குக்குள் அடைக்கப்படும் உடல், ஆசைகொள்ளும் உடல், கலகம் செய்யும் உடல் என்றெல்லாம். முழங்கால் தேய்ந்து 'போதுமப்பா' என்று உட்கார்ந்துவிடும் உடலுக்கு நம் கோட்பாடுகளில் பெரிதாக இடமில்லை. ரிச்சர்ட் சிம்மன்ஸை முன்வைத்து இதைப் பேசலாம் என்று தோன்றுகிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சி வளர்த்த உடற்பயிற்சி நட்சத்திரம் அவர். 1948இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, குண்டுப் பையனாக வளர்ந்தவர். 1974இல் பெவர்லி ஹில்ஸில் தொடங்கிய அவருடைய கூடம் பின்னாளில் 'ஸ்லிம்மன்ஸ்' என்று பெயர்பெற்றது. கற்கள் பதித்த கையில்லாத பனியன், கோடு போட்ட குட்டை டிராயர், சுருட்டை முடி. ஒரு நொடி சிரிப்பு, அடுத்த நொடி அழுகை. 'ஆண்மை' என்ற கட்டமைப்புக்குள் எந்தப் பக்கத்திலிருந்தும் அடங்காத ஆள்.

1988இல் வெளிவந்த 'ஸ்வெட்டின் டு த ஓல்டீஸ்' வீடியோவை எடுத்துக்கொள்வோம். 1982இல் ஜேன் ஃபோண்டாவின் வீடியோ முன்வைத்த ஒல்லி உடல்கள் இதில் இல்லை. கொழுத்தவர்கள், நடுவயதுக்காரர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் பழைய பாட்டுகளுக்கு ஆடுகிறார்கள். விளிம்பிலிருந்த உடல் மையத்துக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் முடிவைப் பாருங்கள். ஆடியவர்கள் ஒவ்வொருவராக வர, அவர்கள் எத்தனை பவுண்டு இளைத்தார்கள் என்ற எண் திரையில் விழுகிறது. குண்டு உடல் கேமரா முன் வரலாம், இளைத்துக்கொண்டிருக்கும் உடலாக இருந்தால். அவர் விற்ற 'டீல்-எ-மீல்' சீட்டுகளும் இதே தர்க்கம்தான். சாப்பிடச் சாப்பிட ஒரு பக்கத்துச் சீட்டை மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். கண்காணிப்பவரும் கைதியும் ஒரே பர்ஸுக்குள்.

இதோடு நிறுத்திவிட்டு 'நுகர்வுப் பண்பாடு' என்று முத்திரை குத்திவிடலாம். அது சோம்பேறித்தனம். முன்பின் தெரியாத மனிதர்களை அவரே தொலைபேசியில் அழைத்துப் பேசினார், அவர்களோடு சேர்ந்து அழுதார். வெட்கத்தில் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களுக்கு அந்தக் குரல் ஒரு துணை. சந்தை அந்த அன்பை விற்றது உண்மை. அதனாலேயே அந்த அன்பு பொய்யாகிவிடாது.

2014 பிப்ரவரியோடு அவர் பொதுவெளியிலிருந்து விலகினார். வயது 65. வகுப்புக்கும் வரவில்லை. விளக்க அறிக்கை, பிரிவுபசார விழா எதுவும் கிடையாது. 2016இல் வதந்தி அச்சேறியது: வீட்டு வேலை செய்யும் பெண்மணி அவரைப் பிடித்து வைத்திருக்கிறாராம். அவர் தொலைக்காட்சிக்குத் தொலைபேசியில் பேசி, தன்னை யாரும் அடைத்து வைக்கவில்லை என்றார். ஆயிரக்கணக்கான வகுப்புகள் எடுத்து முழங்கால்கள் தொந்தரவு தருகின்றன, இனி தன்னைக் கவனித்துக்கொள்ளப்போகிறேன் என்றார்.

நான் இங்கேதான் நிற்கிறேன். காரணம் சொல்லியாயிற்று. ஊரில் எந்தக் கிழவரும் சொல்லும் காரணம். ஏன் யாருக்கும் அது போதவில்லை? அந்த உடல் மூப்படையும் என்பதே கதையில் எழுதப்படாமல் போனதால்தான். 'உடலை நீ மாற்றலாம்' என்று பல்லாண்டுகள் சொன்ன உடல், 'உடல் என்னை மாற்றிவிட்டது' என்று சொன்னால் மொத்தப் பெருங்கதையாடலும் ஆட்டம் காண்கிறது. ஆகவே முழங்கால் வலியை ஒரு குறியீடாக்கி, பின்னால் வேறு ஏதோ இருப்பதாகத் தோண்டினார்கள். சதி, மனநோய், பால்மாற்றம்.

2017இல் வந்தது 'மிஸ்ஸிங் ரிச்சர்ட் சிம்மன்ஸ்' என்ற ஒலித்தொடர். ஆறு அத்தியாயங்கள். செய்தவர் டான் டாபெர்ஸ்கி, சிம்மன்ஸின் வகுப்பில் ஆடியவர். தேடலுக்கு அவர் சொன்ன நியாயம் அன்பும் அக்கறையும். போலீசார் நேரில் போய்ப் பார்த்து, அவர் நலம், தன் விருப்பப்படியே இருக்கிறார் என்றார்கள். அதன்பிறகும் கேள்வி அடங்கவில்லை. நானும் ஆறையும் கேட்டேன், அதுவும் ஒரே மூச்சில். கேட்டு முடித்தபோது அடுத்தவர் வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்த கூச்சம் இருந்தது.

1976இல் வந்த 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில், ஒப்புக்கொள்ளவைப்பது அதிகாரத்தின் முக்கியமான உத்தி என்று ஃபூக்கோ விளக்கினார். சிம்மன்ஸ் காலமெல்லாம் மற்றவர்களின் ஒப்புதல்களைக் கேட்டவர். அவர் வாய் மூடியதும், சொன்னவர்களெல்லாம் கூண்டின் மறுபக்கம் வந்து உட்கார்ந்து 'இப்போது நீ சொல்' என்றார்கள்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அவர் பெண்ணாக மாறுவதாக எழுதிய ஏட்டின்மீது 2017இல் வழக்குப் போட்டுத் தோற்றார். ஒருவரைத் திருநர் என்று சொல்வது தன்னளவில் அவதூறாகாது என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பை நான் ஆதரிக்கிறேன். அது இழிவில்லை என்பது நம் அரசியல். ஆனால் ஒருவர் உடலைப் பற்றிய கதையை யார் சொல்வது என்ற கேள்வி அங்கே அனாதையாக நின்றது. சரியான தீர்ப்பு ஒருவரைப் பாதுகாக்காமலும் போகலாம். இந்த இடறல் நம் நண்பர்களுக்கும் உவப்பாக இருக்காது, தெரியும்.

கைவிடப்பட்டவர்களின் தரப்பை நான் எள்ளமாட்டேன். வாரந்தோறும் பேசிய குரல் சட்டென்று நின்றால் வலிக்காதா? 'ஏன் போனாய்' என்று கேட்பது துக்கம். பதில் வரும்வரை வாசலில் நிற்பேன் என்பது உரிமைகோரல். அன்பு எந்தப் புள்ளியில் முன்னதிலிருந்து பின்னதாகிறது என்பதை, தலைவர்களையும் எழுத்தாளர்களையும் நேசிக்கிற நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நமக்குக் கொடுத்தவர் நமக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது?

ஸ்லிம்மன்ஸ் 2016இல் மூடப்பட்டது. 2024 ஜனவரியில் அவர் வாழ்க்கையைப் படமாக்கப்போவதாகச் செய்தி வந்தபோது, தான் அனுமதி தரவில்லை என்றார். அந்த ஜூலை 12 அவருடைய 76ஆவது பிறந்தநாள். மறுநாள் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் இறந்தார். கீழே விழுந்ததன் விளைவு, இதய நோயும் சேர்ந்தது என்று மரண விசாரணை முடிந்தது. முதுமை எப்படியெல்லாம் வருமோ அப்படித்தான் வந்தது. மர்மம் ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரையும் அவர் கதவைத் தட்டியதுதான், மறுக்கவில்லை. குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். முழங்கால் வலி என்றார் அந்த மனிதர். அதை முழங்கால் வலி என்றே வாசிக்கிறேன்.