சோழமண்டலக் கரையும் நீர்வண்ண ஓவியமும்

ஓவியம் என்று பேச்செடுத்தால் நம் இல்லங்களில் இரண்டு வினாக்கள் உடனே எழும். ஆகுமா, ஆகாதா என்பது ஒன்று. அதைக் கொண்டு பிழைக்க முடியுமா என்பது மற்றொன்று. இரண்டும் வேண்டாத வினாக்கள் அல்ல. ஆயினும் மூன்றாவதாக ஒரு வினா உண்டு. இந்த ஓவியம் நன்றாக அமைந்திருக்கிறதா, அமைந்திருப்பின் எதனால் என்பதே அது. கவிதை கேட்டால் யாப்பையும் சொல்லையும் எடைபோடத் தெரிந்த நம் பெரியோர், ஓவியத்தின் முன் நிற்கும்போது மட்டும் வாய்மூடி விடுகின்றனர். அல்லது 'போட்டோப் பிடித்தாற்போல் இருக்கிறது' என்று ஒரே சொல்லில் முடித்து விடுகின்றனர்.

முதல் வினாவுக்கு இங்கு நீண்ட விடை தேவையில்லை. ஓவியம் தீட்டிப் பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, அத்தொழிலை விட இயலாதாயின் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்து கொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் உள்ளது. கடலையும் பாறையையும் பனையையும் தீட்டுகின்ற நிலக்காட்சி ஓவியத்துக்கு இது போதும். உயிருள்ளவற்றின் உருவம் குறித்து ஆலிம்களிடையே உள்ள விவாதத்தில் நாம் இங்கே புகவில்லை. இரண்டாம் வினாவுக்குப் பின்னர் வருவோம். மூன்றாம் வினாவே நம் பொருள். அதையும் செங்கற்பட்டுச் சீமையின் கடற்கரையோடு, குறிப்பாக மாமல்லபுரத்தை அடுத்த கரையோடு நிறுத்திக் கொள்வோம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டு வரும் கரை அது. ஆயினும் அதன் வெளிச்சம் இன்னும் முழுமையாகத் தாளில் இறங்கவில்லை என்பது நம் கருத்து.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'வாட்டர் கலர்' என்று சொல்லும் நீர்வண்ணம் எதனால் ஆனது? அரைத்த நிறப்பொடி, அதைத் தாளில் பிடித்து நிறுத்தும் பிசின், கரைக்கும் நீர் ஆகிய மூன்றுமே அடிப்படை. அந்தப் பிசினை உலகம் முழுவதும் 'அரபுப் பிசின்' என்றே வழங்குகின்றனர். அது விளைவது அரபு நாட்டில் அன்று. ஸூடானின் கொர்தொஃபான் வெளிகளில் நிற்கும் வேல மரவகையில். அரபு வணிகர் கைமாற்றியதால் அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது. விளக்குக் கரியையும் பிசினையும் நீரில் குழைத்து நம் முன்னோர் மை கூட்டியதை மத்ரஸாக்களில் ஓதியவர் அறிவர். அந்த மையும் ஓவியனின் வண்ணமும் உடன்பிறப்புகள். கரிக்குப் பதில் காவியையோ நீலத்தையோ இட்டால் மை வண்ணமாகிறது. அரபுத் தமிழ் ஏடுகளை எழுதிய கை நீர்வண்ணத்தூரிகையை அன்னியப் பொருளாக எண்ண வேண்டியதில்லை.

உறவு இதனோடு முடியவில்லை. நாணல் கலத்தால் மை தொட்டு இட்ட கோட்டை எப்படித் திரும்பப் பெற முடியாதோ, அப்படியே நனைந்த தாளில் ஓடிய வண்ணத்தையும் திரும்பப் பெற முடியாது. எண்ணெய் வண்ணத்தில் தவறு நேர்ந்தால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். நீர்வண்ணத்தில் தூய முறைப்படி வெள்ளை நிறம் என்பதே கிடையாது. தாளின் வெண்மையே வெள்ளை. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தூரிகை படாமல் விட்டுவிட வேண்டும். எதைத் தீட்டுவது என்பதைவிட எதைத் தீட்டாமல் விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டிய கலை இது. பிள்ளைகளுக்கு எளிது என்று இதை ஆறாம் வகுப்பில் கொடுத்து, 'பெரிய' ஓவியத்துக்கு எண்ணெய் என்று ஒதுக்கி வைத்திருப்பது முறையை அப்படியே தலைகீழாக்கியதாகும்.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். தாமஸ் டேனியல் (1749–1840) என்ற ஆங்கிலேய ஓவியரும் அவருடைய தம்பி அல்லது தமையன் மகனான வில்லியம் டேனியலும் (1769–1837) 1786இல் கல்கத்தா வந்திறங்கி, தென்னாட்டுப் பயணத்தின்போது 1793இல் இக்கரையைக் கண்டனர். காட்சியை உள்ளே விழச்செய்து தடம் பிடிக்கும் இருட்டுப் பெட்டி ஒன்றை அவர்கள் கையாண்டனர். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாளிர்' நூலைச் செய்த காலத்தில் இருட்டறைத் துளையின் வழியே ஒளி நுழைவதை ஆராய்ந்தார் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம். டேனியல்கள் ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்கள் அடங்கிய 'ஓரியண்டல் ஸீனரி' என்னும் பெருந்தொகுதியை வெளியிட்டனர். செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, நீர்வண்ணப் பூச்சுப் போலவே தோன்றும் மென்மையான அச்சு எடுத்து, அதன்மேல் கையால் வண்ணம் ஏற்றிய படங்கள் அவை. மாமல்லபுரத்துப் பாறைக் கோயில்களும் அவற்றில் உண்டு.

அப்படங்களின் கோடு நேர்மையானது. பாறையின் பிளவும் தூணின் அளவும் கண்ணை ஏமாற்றவில்லை. ஆனால் வெயில்? வெயில் அங்கே இல்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு மாலைநேர அமைதி படங்கள் முழுவதும் பரவிக் கிடக்கிறது. இதில் வியப்பில்லை. வண்ணமேற்றும் வேலை இக்கரையில் நடக்கவில்லை. லண்டன் மாநகரின் மங்கிய பகலில் நடந்தது. உருவம் நம் ஊருடையது, வானம் அவர்கள் ஊருடையது. அடுத்து வந்த கர்னல் மெக்கன்ஸியின் வரைவாளர்கள் அளவெடுப்பதையே நோக்கமாகக் கொண்டவர்கள்; அவர்களிடம் வெளிச்சத்தைத் தேடுவது முறையன்று.

இக்கரையின் வெளிச்சத்துக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. கடல் கிழக்கே இருப்பதால் முற்பகலில் கரையிலிருந்து கடற்கோயிலை நோக்குபவன் வெயிலுக்கு எதிரே நிற்கிறான். கோயில் கரிய நிழலாகவும், அதன் பின்னே கடல் கண்ணைப் பறிக்கும் வெள்ளித் தகடாகவும் தோன்றும். பிற்பகலிலோ வெயில் முதுகுப்புறம் வந்து விடுகிறது. கல்லின் ஒவ்வொரு கொத்தும் தெரிகிறது, கடல் நீலமாகிறது. ஒரே இடம் ஒரே நாளில் இரண்டு ஓவியங்கள். உச்சிப் பொழுதில் நிழல் காலடிக்குள் ஒடுங்கி, மணலும் கல்லும் ஒரே வெண்மையில் கரைந்து போகும். இந்த வெண்மையைக் காட்ட, எதையும் பூசாமல் விட்ட தாளைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை.

ஆங்கிலக் கைநூல்கள் சொல்லும் செய்முறையும் இங்கே அப்படியே செல்லுபடியாகாது. சித்திரை வெயிலில் தாளில் இட்ட பூச்சுப் பரவுமுன்னே காய்ந்து, ஓரங்களில் கோடு விழும். ஐப்பசி அடைமழையில் அரைமணி நேரமாகியும் தாள் ஈரம் விடாது. வண்ணக் கட்டிகளில் தேன் சேர்ப்பது பழைய வழக்கம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோடையில் கரைக்கும் நீரில் ஒரு துளி தேன் விடுவது இக்கரைக்கு ஏற்ற உபாயம். எறும்பைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

சென்னை ஓவியப் பள்ளி 1850இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. 1929இல் அதன் முதல்வராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையால் மக்கள் அவரைச் சிற்பியாகவே அறிவர். அவர் வங்கத்து அவனீந்திரநாத தாகூரின் மாணவர். அவனீந்திரர் ஜப்பானிய ஓவியரிடம் கண்டறிந்து வளர்த்தது ஒரு நீர்வண்ண முறை. வண்ணம் தீட்டிய தாளை நீரில் நனைத்து எடுத்து, மீண்டும் தீட்டி, மீண்டும் நனைத்து, பனிப்படலம் போன்ற மென்மையை வரவழைப்பது அது. லாகூரில் அப்துர் ரஹ்மான் சுக்தாய் (மறைவு 1975) இம்முறையை முகலாயக் கோட்டின் நுட்பத்தோடு இணைத்துத் தமக்கென ஒரு நடையை அமைத்துக் கொண்டார். இந்த மரபை அறிந்தவர் சென்னைப் பள்ளியின் தலைமையில் அமர்ந்தது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

அவரிடம் 1936இல் மாணவராகச் சேர்ந்தவர் கே. ஸி. எஸ். பணிக்கர் (1911–1977). கோவையில் பிறந்த மலையாளி. தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். அவருடைய இளமைக்கால நீர்வண்ணங்களில் மலையாள நாட்டு வயலும் தென்னையும் நீர்நிலையும் பச்சைப் பசேலென்று விரிகின்றன. அவற்றில் தூரிகை தயங்கியதாகவே தெரியவில்லை. இலைகளை அவர் எண்ணவில்லை. ஈரத்தோடு ஈரம் கலக்க விட்டு, கலந்த இடத்தில் இலைக்கூட்டம் தோன்றச் செய்தார். நீரின் குணத்தை நீரைக் கொண்டே காட்டிய திறம் அது.

பணிக்கர் 1957இல் அப்பள்ளியின் முதல்வரானார். 1966இல் மாமல்லபுரம் செல்லும் சாலையில், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஈஞ்சம்பாக்கத்தில், தம் மாணவர்களும் தோழர்களுமான ஓவியர் சிற்பியரைக் கூட்டிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். 'ஓவியம் பிழைப்பாகுமா?' என்ற வினாவுக்கு அவர்கள் கண்ட விடை நம்மவர் பாராட்டத்தக்கது. அரசாங்கத்தையோ செல்வரையோ எதிர்பார்த்து நிற்கவில்லை. மெழுகு பூசித் துணிக்குச் சாயமேற்றும் பாத்திக் முதலான கைத்தொழில்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கிக் குடியேறினர். கைத்தொழிலால் வயிற்றையும் ஓவியத்தால் மனத்தையும் காத்துக் கொண்ட ஏற்பாடு அது. ஜெ. சுல்தான் அலி (1920–1990) அக்கிராமத்தில் வாழ்ந்து புகழ் பெற்றவர்களுள் ஒருவர். 2009இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

கடலோசை கேட்கும் இடத்தில் குடியேறிய அந்தக் கூட்டம் கடல் வெளிச்சத்தைத் தீட்டியதா? அது தன் பெரும் ஆற்றலை வேறிடத்தில் செலவிட்டது என்பதே நம் விடை. பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். கணிதம் படிக்கும் ஒரு மாணவனின் குறிப்பேட்டைக் கண்டு அந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்வர். எழுத்துப் போலவே தோன்றி, எந்த மொழியிலும் படிக்க முடியாத கீறல்கள் படம் முழுவதும் நிறைந்திருக்கும். விமர்சகர்கள் அவரது வாழ்நாள் சாதனையாக இவ்வரிசையையே கொண்டாடுகின்றனர். மேற்கத்தியப் போக்கை நகலெடுக்காமல், சொந்த மண்ணில் வேர்விட முயன்றார் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் எழுத்தோடு வாழ்நாளைக் கழித்த நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. இப்னு முக்லா முதலான எழுத்தணிக் கலைஞர்கள் அலிஃபின் உயரத்தைப் புள்ளியால் அளந்து வைத்தது, அழகும் பொருளும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதற்காக. பொருளை எடுத்துவிட்டு எழுத்தின் தோற்றத்தை மட்டும் நிறுத்தும்போது, கண் அதன் மேல் ஓடிவிட்டுத் தங்குமிடம் இல்லாமல் திரும்பி விடுகிறது. அந்தப் பழைய நீர்வண்ணங்களில் கண்ணுக்குத் தங்குமிடம் இருந்தது. அவற்றை 'ஆரம்பகாலப் படைப்புகள்' என்று ஒரு வரியில் கடந்து செல்லும் வழக்கத்தை நாம் ஏற்கவில்லை. பணிக்கரின் கை மிக உண்மையாகப் பேசியது அங்கேதான்.

நீர்வண்ணம் பின்னுக்குத் தள்ளப்பட்டதற்குச் சந்தையும் ஒரு காரணம். தாளில் இருப்பதால் மலிவு என்றும், சீக்கிரம் மங்கும் என்றும் வாங்குவோர் எண்ணுகின்றனர். இரண்டாவது பாதி உண்மை. இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்னும் இருவர் இதை ஆராய்ந்து 1888இல் அறிக்கை அளித்தனர். ஒளி மட்டும் தனியே நிறத்தைக் கொல்வதில்லை, ஈரமும் காற்றும் சேரும்போதே பெருங்கேடு விளைகிறது என்பது அதில் தெளிந்தது. காற்று நீக்கிய குழாய்க்குள் வைத்த நிறங்களில் பெரும்பாலானவை மங்கவில்லை. ஒளியும் ஈரமும் உப்புக் காற்றும் ஒருங்கே கிடைக்கும் நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேறு வேண்டியதில்லை. ஆயினும் காவி, மஞ்சள் மண் போன்ற மண்நிறங்களும், அல்ட்ராமரீன் என்னும் நீலமும் நெடுநாள் நிற்பவை. அலிஸரின் கிரிம்ஸன் என்ற சிவப்பும், மரப்பாலிலிருந்து எடுக்கும் காம்போஜ் மஞ்சளும் ஓடிப்போகும் நிறங்கள். அவற்றை விலக்கி, நேர்வெயில் படாத சுவரில், கண்ணாடியில் தாள் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டமிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் படம் இருக்கும்.

தாளைப் பற்றியும் ஒரு சொல். பள்ளி வரைபடத் தாளில் நீர்வண்ணம் கற்பது மணலில் நீச்சல் பழகுவதை ஒக்கும். பருத்தியால் ஆன, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் நீரை ஏற்றும் சுருங்காது. விலை கூடுதல்தான், ஆனால் அதில் ஒரு படம் தீட்டிக் கற்பது மெல்லிய தாளில் இருபது படம் தீட்டியும் கைவராது. ராஜஸ்தானத்து ஸாங்கனேரில் கையால் தாள் செய்து வரும் காகஸீ குடும்பத்தார் நம் சமுதாயத்தவர். அவர்களின் பெயரில் இருக்கும் சொல்லே நம் 'காகித'த்திலும் இருக்கிறது. வண்ணக் கட்டிப் பெட்டியோ எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. எட்டாம் வகுப்போடு அதைப் பரணில் ஏற்றிவிடும் பெற்றோர், அதே விலைக்கு ஒரு நல்ல தூரிகையும் நான்கு நல்ல தாளும் வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம். பெண்மக்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

தீட்டப்படாமல் கிடக்கும் இடங்களுக்குக் குறைவில்லை. செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியில் விடியற்பனி, கோவளத்துத் தர்காவை அடுத்த மணலில் இழுத்து வைத்த படகுகள், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் செங்கல் மதில், முட்டுக்காட்டு உப்பங்கழி. இவை எதற்கும் கோயிற்பாறைகளைப் போல் ஒரு டேனியல் வரவில்லை. கேளம்பாக்கத்து உப்பளம் இவற்றுள் கடினமானது. கோடையில் பாத்திகளில் வானம் தலைகீழாகக் கிடக்க, வரப்போரம் உப்பு குவிந்திருக்கும். அந்தக் குவியலைத் தீட்ட முடியாது. சுற்றிலும் வானத்தையும் நீரையும் சேற்றையும் தீட்டி, குவியலின் அளவுக்குத் தாளை வெறுமையாக விட வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்த வெண்மையைப் பார்க்கவே கண் கூசும். காலை ஆறரைக்குள் போய் அமர்ந்தால் குவியலின் மேற்குப் பக்கத்தில் மெல்லிய ஊதா நிழல் ஒன்று விழுந்திருக்கும். ஒரே பூச்சில் அதைப் பிடித்துவிட வேண்டும்.